எழுநூறு பக்கம் தேடியவர்

தெட்சிணாமூர்த்தி வாத்தியார் எழுதிய நாவல் எழுநூறு பக்கத்துக்கு மேல். படுத்துக்கொண்டு படிக்க முடியாது, நெஞ்சில் வைத்தால் மூச்சு முட்டும். 'கழிமுகத்தில் ஒரு சைக்கிள்' என்று பெயர். மர்ம நாவல். காரைக்கால் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன மண்டபத்தில் வெளியீட்டு விழா நடந்தது. மேடையில் எட்டுப் பேர், கீழே இருபது பேர். நீலாயதாட்சி போகவில்லை. மறுநாள் சாயங்காலம் அவரே ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு தருமபுரத்தில் அவள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"படிங்கன்னு சொல்லலம்மா. படிக்காதீங்கன்னும் சொல்லல. உங்க கையில குடுக்காம ஊருக்கெல்லாம் குடுத்தா அது தப்பு. அதான் வந்தேன்."

உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு ஓடும் பையனைப் போலக் கிளம்பிவிட்டார். அவள் முதல் பக்கத்தைப் பிரித்தாள். அவருடைய அவசரம் புரிந்தது.

கதை ஒரு கணக்கு வாத்தியாரைப் பற்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சைக்கிளில் கிளம்பிப் போனவர் திரும்பவில்லை. அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில் சைக்கிள் மட்டும் நிற்கிறது. நாவலில் அவர் பெயர் வைத்திலிங்கம். நிஜத்தில் அவர் பெயர் சுப்பையன், நீலாயதாட்சியின் புருஷன். தெட்சிணாமூர்த்தியோடு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசி மாதம், "ஒரு சுத்து சுத்திட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். ஆளும் வரவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. கழிமுகக் கரையில் நின்ற சைக்கிளை முதலில் பார்த்தவர் தெட்சிணாமூர்த்திதான். பள்ளிக்கூட நிர்வாகம் இரக்கப்பட்டு அவளுக்கு ஆபீசில் ஒரு வேலை போட்டுக் கொடுத்தது. அதை வைத்துத்தான் மகள் பிரதீபாவைப் படிக்க வைத்தாள்.

ஊர் அப்போது இரண்டாகப் பிரிந்து பேசியது. கடல் கொண்டுபோய்விட்டது என்றது ஒரு பாதி. இன்னொரு பாதிக்கு அவ்வளவு சீக்கிரம் கதையை முடிக்க மனசில்லை. திருவண்ணாமலையில் காவி வேட்டியோடு பார்த்ததாக ஒருவர் சொன்னார். திருச்சூரில் ஒரு பெண்ணோடும் கைக்குழந்தையோடும் டீக்கடையில் பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். சொன்னவர் திருச்சூருக்குப் போனதே இல்லை என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் காதில் விழுந்தது விழுந்ததுதானே.

நீலாயதாட்சி எந்தப் பாதியோடும் சேரவில்லை. குங்குமத்தை அழிக்கவில்லை. ஒவ்வொரு ஆடிப் பதினெட்டுக்கும் மற்ற பெண்களோடு ஆற்றுக்குப் போய்த் தாலிக்குப் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு வந்தாள். 'எப்பேர்ப்பட்ட நம்பிக்கை' என்று தெருவே மெச்சியது. அவளுக்குத்தான் தெரியும், அது நம்பிக்கை இல்லை. புருஷன் செத்துவிட்டார் என்று அவள் வாயால் சொல்ல முடியவில்லை. உயிரோடு இருக்கிறார் என்றால், தன்னையும் பெண்ணையும் வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று ஆகிறது. அதையும் சொல்ல முடியவில்லை. செத்தாரா, விட்டுவிட்டுப் போனாரா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும், மற்றதையெல்லாம் எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

இந்த வருஷம் அந்தக் கேள்விக்குக் கெடு வந்துவிட்டது. பிரதீபாவுக்கு மயிலாடுதுறைப் பக்கம் ஒரு வரன் அமைந்தது. நல்ல இடம். பத்திரிகை அடிக்கும் பேச்சு வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்கள். பெண்ணின் அப்பா பெயருக்கு முன்னால் 'திரு' போடுவதா, 'தெய்வத்திரு' போடுவதா?

கேட்டதில் தப்பில்லை. அச்சடிக்கிறவனுக்கு ஏதாவது ஒன்று வேண்டுமே. சுப்பையனின் தம்பி ஜெயபிரகாஷ் அன்றைக்கே வந்து உட்கார்ந்துவிட்டான். நல்ல மனுஷன், அண்ணன் போன பிறகு அறுவடை முடிந்ததும் ஒரு வருஷம்கூட அவள் வீட்டுக்கு நெல் அளக்கத் தவறியதில்லை. ஆனால் எதையும் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பான்.

"அண்ணி, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. பன்னெண்டு வருஷம் தாண்டிட்டாலே செஞ்சுடணும்னு ஐயர் சொல்றாரு. தர்ப்பையில உருவம் பண்ணி, அதுக்குக் கொள்ளி வச்சு, கருமாதி பண்ணிடலாம். ஆடி அமாவாசையில செஞ்சோம்னா தையில கல்யாணத்துக்குத் தடையில்லை."

"தம்பி, நாளைக்கு அவர் வந்து நின்னா?"

"வந்தா சந்தோஷம்தான் அண்ணி. வரட்டுமே." சொல்லிவிட்டு அவன் தரையைப் பார்த்தான். வருவார் என்று அவனும் நினைக்கவில்லை. அவளுக்கும் அது தெரிந்தது.

இந்த வருஷம் பஞ்சாங்கமும் அவளோடு விளையாடியது. சனிக்கிழமை ஆடிப் பதினெட்டு, மறுநாள் ஞாயிறு அமாவாசை. முதல் நாள் புதுக் கயிறு கட்டிக்கொண்டு, மறுநாள் அதே ஆற்றங்கரையில் அவருக்குக் கொள்ளி வைக்க முடியாது. இரண்டில் ஒன்றைத்தான் செய்யலாம். அவளுக்கு ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமாக அவகாசம் இருந்தது. கையில் எழுநூறு பக்கம் இருந்தது.

ஒரு காலத்தில் அவள் மர்மக் கதைப் பைத்தியம். மாத நாவல்களை வாங்கி அடுக்கி வைத்திருப்பாள். சுப்பையன் அவளுக்கு முன்னால் எடுத்துப் பத்துப் பக்கம் படித்துவிட்டு, "சமையல்காரன்தான் கொலை பண்ணிருக்கான், பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். கணக்கு வாத்தியாருக்கு இது வராது என்று அவள் கேலி செய்வாள். அவர் போன பிறகு அந்த மாதிரிக் கதை எதையும் அவள் தொட்டதில்லை. யாரோ காணாமல் போவது பொழுதுபோக்காக இருந்த காலம் அவளுக்கு முடிந்துபோயிருந்தது.

இந்த நாவலைக் கையில் பென்சிலோடு படித்தாள். தெட்சிணாமூர்த்திக்கு ஏதோ தெரியும் என்று ஒரு நினைப்பு. தெரிந்ததை நேராகச் சொல்லப் பயந்து கதையாக எழுதியிருக்கிறார், எங்கேயோ ஒரு பக்கத்தில் பதில் ஒளிந்திருக்கிறது என்று நம்பினாள். ஆபீசில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படித்தாள். விடுமுறை நாளில் சமையலை ஒதுக்கிவிட்டுப் படித்தாள். ஒரு தடவை குக்கர் ஆறு விசில் அடித்துப் பருப்பு கூழாகிவிட்டது.

நாவல் முதல் நூறு பக்கம் நன்றாக ஓடியது. அறிவுமதி என்று ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வருகிறாள். கெட்டிக்காரி. யாரையும் அதட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தே விஷயத்தை வாங்கிவிடுவாள். அதற்குப் பிறகு கதை சேற்றில் மாட்டிய டிராக்டர் ஆனது. பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா பென்ஷன் வாங்கும் கிழவர் ஒருவர் வருகிறார். பிரெஞ்சுக்காரன் காலத்தில் தன் தாத்தா சைகோனில் இருந்த கதையை மூன்று அத்தியாயம் சொல்கிறார். அதற்கும் காணாமல் போனவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பட்டாமணியார் குடும்பத்துப் பங்காளிச் சண்டை தனியாக எண்பது பக்கம். நீலாயதாட்சி ஓரத்தில் 'எதற்கு?' என்று பென்சிலால் எழுதினாள். பத்துப் பக்கம் தள்ளி மறுபடியும் 'எதற்கு?' என்று எழுதினாள்.

வைத்திலிங்கத்தின் மனைவிக்கு அமுதம் என்று பெயர் வைத்திருந்தார். அந்தப் பெண் வரும் இடமெல்லாம் அழுதாள். காபி போடும்போது அழுதாள், துணி காய வைக்கும்போது அழுதாள். நீலாயதாட்சிக்கு எரிச்சலாக வந்தது. இந்தப் பதிமூன்று வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட வாய்விட்டு அழுததில்லை. எதற்கென்று அழுவது? செத்ததற்கு ஓர் அழுகை இருக்கிறது, விட்டுவிட்டுப் போனதற்கு வேறோர் அழுகை இருக்கிறது. எது என்றே தெரியாதவள் எதை அழுவாள்?

ஆனால் நடுநடுவே அந்தப் புத்தகம் அவளை நிறுத்தியது. வைத்திலிங்கம் கரும்பலகையை டஸ்டரால் துடைக்காமல் சட்டையின் முழங்கையால் துடைப்பதாக ஓர் இடம் வந்தது. நிஜம். அவள் எத்தனை சட்டையின் முழங்கையைத் தேய்த்துத் துவைத்திருக்கிறாள். இன்னோர் இடத்தில் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சிநேகிதரிடம், "எங்க வீட்ல எல்லாம் பிரமாதமாப் பண்ணுவா. எலுமிச்சங்காய் ஊறுகாய்க்கு மட்டும் அவளுக்குக் கை வராது. அவகிட்ட சொல்லிடாதீங்க, ரொம்பப் பிரியமாப் போட்டு அனுப்புறா" என்கிறார். படித்ததும் நீலாயதாட்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபது வருஷம் அந்த ஊறுகாயை வாய் திறக்காமல் சாப்பிட்டிருக்கிறாரே மனுஷன். சிரித்துக்கொண்டே புத்தகத்தை மூடிவைத்தாள். அன்றைக்கு மேற்கொண்டு படிக்க முடியவில்லை.

நானூறாவது பக்கத்தை ஒட்டி ஒரு பெரிய தேடல் வந்தது. பள்ளிப் பிள்ளைகள் கரையோரம் வரிசையாக நடக்கிறார்கள். கிளிஞ்சல்மேட்டிலிருந்து படகுகள் வருகின்றன. அலையாத்திச் செடிகளுக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் ஆட்கள் இறங்கித் துழாவுகிறார்கள். அந்தத் தேடல் நிற்கவே இல்லை. அறிவுமதிக்கு மாற்றல் வருகிறது. கேரளப் பக்கத்து மாஹேக்குப் போகிறாள். ஒவ்வொரு லீவுக்கும் திரும்பி வந்து அதே கரையில் நடக்கிறாள். "ஏம்மா, விட்டுடக் கூடாதா?" என்று யாரோ கேட்கிறார்கள். "அவர் வீட்ல இன்னும் சாப்பாடு எடுத்து வைக்கிறாங்க, நான் எப்படி விடுறது?" என்கிறாள்.

நிஜத்தில் மூன்று நாள்தான் தேடினார்கள். நாலாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. அப்புறம் தீபாவளி வந்தது. தீபாவளிக்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. ஊரைக் குறை சொல்லவும் முடியாது, அவரவர்க்கு அவரவர் பாடு. ஆனால் ஒரு மனுஷனை மூன்று நாளோடு விட்டுவிட்டார்களே என்ற ஆறாத வருத்தம் அவளுக்குள் இருந்தது. இப்போதுதான் தெரிகிறது, ஒருவர் மட்டும் விடவில்லை. திருமலைராயன்பட்டினத்தில் தன் வீட்டில் தெட்சிணாமூர்த்தி ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு இத்தனை வருஷமாகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த அத்தியாயத்தின் ஓரத்தில் அவள் எதுவும் எழுதவில்லை.

முடிவுதான் அவளைக் கைவிட்டது. பள்ளிக்கூட லேப் உதவியாளன் ஒருவன் அறுநூற்றைம்பதாம் பக்கத்துக்கு மேல் முதல் தடவையாக வந்து ஒரு டீ குடித்தான். அவன்தான் கொலைகாரன் என்றது நாவல். ராத்திரியில் மணல் அள்ளும் கும்பலுக்கு அவன் ஆள். வைத்திலிங்கம் அதைப் பார்த்துவிட்டாராம், அதனால் ஏமாற்றி வரவழைத்து ஆற்றில் தள்ளிவிட்டானாம். நீலாயதாட்சி இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் லேப் உதவியாளன் என்று யாரும் இருந்ததே இல்லை. முழுக்கக் கட்டுக்கதை. அவள் தேடிய பதில் அதில் இல்லை.

ஆடிப் பதினெட்டுக்கு ஒரு வாரம் இருந்தது. அன்று மத்தியானமே பேருந்து ஏறித் திருமலைராயன்பட்டினம் போனாள்.

தெட்சிணாமூர்த்தி கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் கையில் புத்தகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். அவர் மனைவி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரம் இருவரும் மழை வருமா வராதா என்று பேசினார்கள்.

"முதல்ல குறையச் சொல்லிடவா சார்?"

"சொல்லுங்கம்மா. அதுக்குத்தானே காத்துக்கிட்டிருக்கேன்."

"கொலைகாரன் ரொம்ப லேட்டா வர்றான் சார். இப்படி இருந்தா படிக்கிறவங்க எப்படிக் கண்டுபிடிப்பாங்க? நூறு பக்கத்துக்குள்ள அவன ஒரு தடவையாவது கண்ணுல காட்டியிருக்க வேணாமா?"

"வேணும்தான்."

"சைகோன் கதை சொல்ற கிழவரு எதுக்கு வர்றாரு?"

"அவரு எங்க மாமனாருங்க. எழுதலைன்னா வீட்ல சோறு கிடைக்காது." உள்ளேயிருந்து பாத்திரம் வைக்கும் சத்தம் பலமாகக் கேட்டது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அமுதம் ஏன் சார் எப்பப் பார்த்தாலும் அழுவுறா? நான் அழுது நீங்க பார்த்திருக்கீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பார்த்ததில்ல. அதனாலதாம்மா அவள அழ விட்டேன்."

 புத்தகத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள். "நல்லாவும் இருக்கு சார். ரொம்ப நல்லா இருக்கு. அந்த ஊறுகாய் விஷயம் எனக்குத் தெரியாது. அவரு திரும்பி வந்து எங்கிட்டப் பேசின மாதிரி இருந்துச்சு. அப்புறம், தேடுற எடம். யாருமே தேடலன்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தேன். நீங்க தேடியிருக்கீங்க. அதுக்காக உங்கள நான் கையெடுத்துக் கும்பிடணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"ஒண்ணு கேக்கறேன். நெசத்தச் சொல்லணும். அவருக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா பத்துப் பக்கத்துல எழுதியிருப்பேன். தெரியாததாலதான் இவ்வளவு நீண்டுபோச்சு." கொஞ்சம் தயங்கினார். "முதல்ல நான் அவரக் கொல்லலம்மா. திரும்பி வர்ற மாதிரிதான் எழுதினேன். வாசல்ல வந்து நிக்கிறாரு. அமுதம் கதவத் திறக்கறா. அதுக்கு மேல எனக்கு ஓடல. ஏன் போனேன்னு அவரு சொல்லணும் இல்லையா? கடன், சாமியாரு, வேற பொம்பள, ஊருல சொன்ன அத்தனையும் எழுதிப் பார்த்தேன். ஒண்ணுகூட அந்த மனுஷனுக்கு ஒட்டல. ரெண்டு வருஷம் அவர வாசல்லயே நிக்க வச்சிருந்தேன். கடைசியில மனசில்லாமதான் கொன்னேன்."

மோரை இருவருமே தொடவில்லை. அவர் சொன்னது அவளுக்கு இதமாக இருந்தது. ஆனால் அது ஒரு சிநேகிதரின் மனசு. மனசு எதையும் சொல்லும். அவள் கிளம்ப எழுந்தாள். எழுந்தவள், விட்டுப்போன ஒன்று ஞாபகம் வந்து நின்றாள்.

"ஒரு சின்னக் குறை சார், சொல்லாம விட்டுட்டேன். உங்க முதல் வரி. 'கடலைப் பார்த்தபடி ஒரு சைக்கிள் நின்றுகொண்டிருந்தது.' அது தப்பு. அவரு வண்டிய அப்படி நிறுத்த மாட்டாரு. எங்க போனாலும் திருப்பி வீட்டப் பார்க்க நிறுத்திட்டுத்தான் பூட்டுவாரு. கல்யாண வீடானாலும் சரி, எழவு வீடானாலும் சரி. வரும்போது திருப்பிக்கிட்டு நிக்க வேணாம், அப்படியே ஏறி வந்துரலாம்பாரு. கூட்டத்துல அத்தனை வண்டியும் ஒரு பக்கம் பார்த்து நிக்கும், இவருது மட்டும் எதிர்ப்பக்கம் நிக்கும். எனக்கு மானம் போகும். நீங்களும் பார்த்திருப்பீங்களே?"

தெட்சிணாமூர்த்தி அவளையே பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"அம்மா, நெசத்துல அது கடலப் பார்த்து நிக்கல."

"என்ன சார்?"

"நாந்தானே முதல்ல பார்த்தேன். ரோட்டப் பார்த்துத்தான் நின்னுச்சு. ஸ்டாண்டு போட்டு, பூட்டியிருந்துச்சு. கடலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நின்னுச்சு. நாந்தான் கதைக்காக மாத்திட்டேன்."

அவள் மறுபடியும் உட்கார்ந்தாள். 

"எதுக்கு மாத்துனீங்க?"

"கடலப் பார்த்து நின்னா முதல் வரி எடுப்பா இருக்கும்னு நெனச்சேன். அதுவும் இல்லாம, திருப்பி நிறுத்தியிருக்காருன்னு எழுதினா, படிக்கிறவன் பத்தாம் பக்கத்துலயே சொல்லிடுவான், இந்த ஆளு எங்கயும் ஓடிப்போகல, வீட்டுக்குத் திரும்பத்தான் நெனச்சிருக்காருன்னு. அப்புறம் அறிவுமதிக்கு என்ன வேல?" சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

"எங்கிட்ட ஏன் சார் சொல்லல?"

"ஸ்டேஷன்ல சாவி இருந்துச்சான்னு கேட்டாங்க, பை இருந்துச்சான்னு கேட்டாங்க. வண்டி எந்தப் பக்கம் பார்த்து நின்னுச்சுன்னு யாருமே கேக்கலம்மா. உங்களுக்குத் தெரியாதுங்கறது எனக்குத் தோணவே இல்ல." அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "நீங்க ஆபீசுல சேர்ந்தப்புறம் நாலஞ்சு வருஷம் பக்கத்து ரூம்ல இருந்தவன் நான். நானே அதத் தூக்கிப் போட்டுட்டு எழுநூறு பக்கம் தேடியிருக்கேன் பாருங்க."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் சைக்கிளைக் கடைசியாகப் பார்த்தது போலீஸ் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில், பத்து வண்டிகளோடு பதினோராவது வண்டியாக. அங்கே அது எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. ஆற்றங்கரையில் அது வீட்டைப் பார்த்து நின்றிருக்கிறது. இறங்கி, வண்டியைத் திருப்பி, ஸ்டாண்டு போட்டு, பூட்டியிருக்கிறார். கால் நனைக்க இறங்கினாரா, யாருக்காவது கை கொடுக்க இறங்கினாரா, வழுக்கியதா, ஐப்பசி வெள்ளம் இழுத்ததா, அதெல்லாம் இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் திரும்பி வருகிற மனுஷனாகத்தான் இறங்கியிருக்கிறார்.

"சார், அடுத்த பதிப்புல அந்த முதல் வரிய மாத்திடுங்க."

"முதல் பதிப்பே கட்டுக்கட்டா மாடியில கிடக்கும்மா," என்றார் அவர். பிறகு, "மாத்திடறேன்" என்றார்.

சனிக்கிழமை காலையில் தெருப் பெண்கள் தட்டும் கூடையுமாகக் கிளம்பினார்கள். காப்பரிசி, பழம், காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு. மேட்டூரில் திறந்த தண்ணீர் இன்னும் கடைமடைக்கு வந்து சேரவில்லை. கல்லணையைத் தாண்டிவிட்டது, இதோ வந்துவிடும் என்று வழக்கம்போலப் பேசிக்கொண்டார்கள். ஆற்றில் கணுக்கால் அளவு தண்ணீர்தான் கிடந்தது. அதற்கே படையல் போட்டுக் கும்பிட்டார்கள். நீலாயதாட்சியும் கூடப் போனாள். எதிர்வீட்டு இளவேனில், கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆன பெண், வழக்கம்போல ஒரு புதுக் கயிற்றை எடுத்து அவள் கழுத்துப் பக்கம் கொண்டுவந்தாள்.

"எனக்கு வேணாம் இளவேனில்."

"ஏன் அத்தை?"

"நாளைக்கு அவருக்குக் காரியம் செய்யறோம்."

 இளவேனில் கையில் கயிற்றோடு திகைத்து நின்றாள். நீலாயதாட்சி அந்தக் கயிற்றை அவள் கையிலிருந்து வாங்கி, அவளுக்கே கட்டிவிட்டாள். முடிச்சு இறுக்கமாக விழுந்திருக்கிறதா என்று இழுத்தும் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து ஜெயபிரகாஷுக்குப் போன் செய்தாள். "தம்பி, ஐயர வரச் சொல்லுங்க. ஆனா ரெண்டு விஷயம். நானும் கரைக்கு வருவேன். பொம்பள வரக் கூடாதுன்னு யாரும் சொல்லக் கூடாது. இன்னொண்ணு, நாலு பேர் கூடி உக்காந்து என் கழுத்துல கை வைக்கறது, வளையல உடைக்கறது எதுவும் வேணாம். எடுக்க வேண்டிய அன்னிக்கு நானே எடுத்துக்குவேன்." மறுமுனையிலிருந்து "சரிங்க அண்ணி" என்று வந்த குரல் அழுகிற குரலாக இருந்தது.

அமாவாசையன்று கழிமுகக் கரையில் கூட்டம். அப்பா அம்மா போனவர்கள் எல்லாம் எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடமிருந்து தள்ளி, சவுக்குமரங்களுக்கு இந்தப் பக்கம், ஐயர் தர்ப்பைப் புல்லால் ஓர் ஆள் உருவம் செய்து பலகையில் கிடத்தியிருந்தார். தலை, கை, கால் எல்லாம் இருந்தது. பார்த்தவுடனே பிரதீபா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா போகும்போது அவளுக்குப் பதினாறு வயசு. தெட்சிணாமூர்த்தி கொஞ்சம் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டாமல் நின்றிருந்தார்.

ஐயர் பெயர் கேட்டார், கோத்திரம் கேட்டார். ஜெயபிரகாஷ் சொன்னான்.

"திதி?"

"அது தெரியாதுங்க சாமி. என்னைக்குப் போனாரோ. நீங்கதான் சொன்னீங்களே, தெரியலைன்னா இந்த அமாவாசையையே வச்சுக்கலாம்னு."

"தெரியும்," என்றாள் நீலாயதாட்சி.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பதிமூணு வருஷத்துக்கு முன்னாடி, ஐப்பசி, தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை. வீட்ட விட்டுப் போன அன்னிக்கேதான். அன்னிக்குச் சாயங்காலமே."

"நிச்சயமாத் தெரியுமாம்மா?" என்று கேட்டார் ஐயர்.

"நிச்சயமாத் தெரியும் சாமி. அன்னிக்கு ராத்திரி அவரு உசுரோட இருந்திருந்தா வீட்டுக்கு வந்திருப்பாரு."

ஐயர் மறுபேச்சுப் பேசாமல் செல்போனை எடுத்துப் பழைய பஞ்சாங்கத்தைத் தேடிக் கணக்குப் போட்டார். ஒரு திதியைச் சொன்னார். ஜெயபிரகாஷ் அதைத் திரும்பச் சொன்னான். பிறகு அண்ணனுக்குக் கொள்ளி வைத்தான். காய்ந்த புல், காற்று வேறு. படபடவென்று பற்றிக்கொண்டது.

நீலாயதாட்சி மகளின் கையை விட்டுவிட்டு நெருப்புக்குப் பக்கத்தில் போனாள். ஜெயபிரகாஷ் தடுக்க வந்தான். தெட்சிணாமூர்த்தி அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். அவள் மணலில் மண்டியிட்டுக் குனிந்து, பக்கத்தில் படுத்திருப்பவரிடம் பேசுவது போல மெதுவாகப் பேசினாள்.

"நீங்க வந்துக்கிட்டுத்தான் இருந்தீங்க. எனக்குத் தெரியலைங்க. இத்தன வருஷமும் உங்க மேல கோவமாவே இருந்துட்டேன்."

உருவம் எரிந்து அடங்கிவிட்டது. பிரதீபா வந்து அம்மாவைத் தூக்கினாள். எழுந்திருக்காமல் அப்படியே மணலில் உட்கார்ந்து, நீலாயதாட்சி வாய்விட்டு அழுதாள்.